சேதி இல்லாவிட்டால் தேதியாவது சொல்லுங்கள்

ஆட்குறைப்புச் செய்தி முதலில் போய்ச் சேரும் இடம் டீக்கடை. சிறுசேரியிலோ தரமணியிலோ மாலை நாலரை மணிக்கு ஒரு கடை ஓரம் நின்று பாருங்கள். எந்த புராஜெக்ட் முடியப்போகிறது, யார் யார் புராஜெக்ட் இல்லாமல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள், எந்த மேனேஜர் ஒரு வாரமாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை, எல்லாம் காதில் விழும். அதில் பாதி உண்மை, மீதி கண், காது, மூக்கு வைத்துக் கட்டியது. எது எந்தப் பாதி என்று பேசுகிறவருக்கும் தெரியாது, கேட்கிறவருக்கும் தெரியாது.

2025 ஜூலை கடைசியில் டிசிஎஸ் நிறுவனம் தன் ஊழியர்களில் சுமார் 2 சதவீதம் பேரை, ஏறக்குறைய 12 ஆயிரம் பேரை, அந்த நிதியாண்டுக்குள் குறைக்கப் போவதாகச் சொன்னது. பெரும்பாலும் நடுத்தர, மூத்த நிலைகளில் இருப்பவர்கள் என்றும் சொன்னது. அதற்கு முந்தைய மாதம்தான் பெஞ்சில் ஆண்டுக்கு 35 நாளுக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி வந்திருந்தது. இரண்டு சதவீதம் என்றால் ஐம்பதில் ஒருவர். இருபது பேர் கொண்ட ஒரு டீமில் ஒருவர்கூட இல்லாமலும் போகலாம். ஆனால் மறுநாள் காலை அந்த இருபது பேருக்கும் தங்கள் லீடிடம் கேட்க ஒரே ஒரு கேள்விதான் இருந்திருக்கும்: “நம்ம டீம்ல யாராவது இருக்காங்களா?”

லீடுக்கு எப்படித் தெரியும்? அவரே நடுத்தர நிலை ஆள். மேலே முடிவு எடுப்பவருக்கும் கீழே கேள்வி கேட்பவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நிற்கும் அந்த மனிதர் என்ன பேசலாம், என்ன பேசக் கூடாது என்பதைத்தான் ஒரு டீ குடித்து முடிக்கும் நேரத்தில் நிதானமாகப் பார்க்கப் போகிறோம். அவர் ஐடி கம்பெனி டீம் லீடாக இருக்கலாம், திருப்பூர் பனியன் கம்பெனி சூபர்வைசராக இருக்கலாம். சிக்கல் ஒன்றுதான்.

முதலில் ஒரு விஷயம். மனிதர்களுக்குக் கெட்ட செய்தியைவிட, வருமா வராதா என்று தெரியாத செய்திதான் பெரிய வேதனை. 2016இல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 45 பேரை ஒரு கணினி விளையாட்டின் முன் உட்கார வைத்தார்கள். திரையில் கற்கள் வரும். கல்லுக்கு அடியில் பாம்பு இருக்கிறதா என்று ஊகிக்க வேண்டும். பாம்பு இருந்தால் கையில் வலிக்கிற அளவுக்கு ஒரு மின்அதிர்ச்சி. கண்பாவை எவ்வளவு விரிகிறது, எவ்வளவு வியர்க்கிறது என்று பார்த்து அவர்களின் மன அழுத்தத்தை அளந்தார்கள். அழுத்தம் உச்சத்துக்குப் போனது எப்போது தெரியுமா? ஷாக் நிச்சயம் என்று தெரிந்தபோது இல்லை. வரலாம், வராமலும் போகலாம், பாதிக்குப் பாதி என்றிருந்தபோதுதான். நிச்சயமாக அடி விழும் என்று தெரிந்த நேரங்களில் அதைவிட அமைதியாக இருந்தார்கள்.

மந்தக் காலத்தில் ஒரு அலுவலகத்தில் எல்லோரும் அந்தப் பாதிக்குப் பாதியில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். அப்போது மேனேஜர் கிணற்றில் போட்ட கல்லாக இருந்தால் அந்த அழுத்தம் குறையாது, டீக்கடைக்குப் போகும்.

சரி, பேசினால் என்ன நடக்கும்? இதற்கு ஜெரால்ட் கிரீன்பெர்க் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1990இல் வெளியிட்ட ஆய்வைப் போல எடுத்துக்காட்டு எனக்கு வேறொன்று கிடைக்கவில்லை. அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் ஒரே கம்பெனிக்குச் சொந்தமான, இயந்திர உதிரி பாகங்கள் செய்யும் மூன்று ஆலைகள். பெரிய ஒப்பந்தங்கள் கைவிட்டுப் போயின. யாரையும் வீட்டுக்கு அனுப்புவதற்குப் பதிலாக, இரண்டு ஆலைகளில் பத்து வாரத்துக்குச் சம்பளத்தில் 15 சதவீதம் பிடிப்பது என்று முடிவானது. மூன்றாவது ஆலையில் பிடித்தம் இல்லை.

முதல் ஆலையில் கம்பெனித் தலைவரே வந்து உட்கார்ந்தார். வரைபடம் வைத்து, பணம் எங்கே வந்துகொண்டிருந்தது, இப்போது எங்கே நின்றது, ஏன் ஆளைக் குறைக்காமல் சம்பளத்தைக் குறைக்கிறோம் என்று விளக்கினார். தனக்கு வருத்தம் என்று வாய்விட்டுச் சொன்னார். கேள்வி கேட்க விட்டார். மொத்தம் ஒன்றரை மணி நேரம். இரண்டாவது ஆலையில் ஒரு துணைத் தலைவர் வந்து, சம்பளம் குறைகிறது, காரணம் ஒப்பந்தம் போனது என்று நாலு வரி சொல்லிவிட்டுக் கிளம்பினார். கால் மணி நேரம்.

பிறகு கிரீன்பெர்க் அளந்தது யாரும் எதிர்பார்க்காத ஒன்று: ஆலையிலிருந்து காணாமல் போகும் கருவிகள், பொருட்கள். பிடித்தம் நடந்த இரண்டு ஆலைகளிலும் திருட்டு கூடியது. விளக்கிச் சொன்ன ஆலையில் கொஞ்சம் கூடியது, கால் மணி நேரத்தில் முடித்த ஆலையில் அதைவிட வெகுவாகக் கூடியது. வேலையை விட்டுப் போனவர்களும் அங்கேதான் மிக அதிகம். பத்து வாரம் கழிந்து சம்பளம் பழையபடி வந்ததும் திருட்டும் பழைய அளவுக்கு இறங்கியது.

கவனியுங்கள், இரண்டு ஆலைக்கும் வெட்டு ஒன்றுதான். பணத்தில் ஒரு பைசா வித்தியாசம் இல்லை. முதல் ஆலைக்குக் கூடுதலாகக் கிடைத்தது 75 நிமிடம், காரணம், கொஞ்சம் மரியாதை. பேச்சுக்குச் செலவில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பேசாமல் விட்டதற்கு அந்த இரண்டாவது ஆலை பொருளாகவும் ஆளாகவும் கட்டியது. ஆனால் இதை ஒரு மந்திரமாகவும் எடுத்துக்கொள்ளக் கூடாது. நன்றாக விளக்கிய ஆலையிலும் திருட்டு கூடத்தான் செய்தது. இனிமையாகச் சொன்னாலும் வெட்டு வெட்டுதான்.

இப்போது நம்மூர் மேனேஜரிடம் வருவோம். கேள்வி வந்ததும் அவர் வாயிலிருந்து முதலில் வருவது பெரும்பாலும் இதுதான்: “பார்த்துக்கலாம் விடுப்பா, ஒண்ணும் ஆகாது.” நல்ல மனசோடு சொல்வதுதான். ஆனால் கணக்கில் காசு இல்லாமல் எழுதிக் கொடுக்கும் செக் அது. அந்த வார்த்தையை நம்பி ஒருவர் பெரும்பாக்கத்தில் ஃப்ளாட்டுக்கு அட்வான்ஸ் கொடுப்பார், இருபது வருட இஎம்ஐக்குக் கையெழுத்துப் போடுவார், வெளியிலிருந்து வந்த வேலை வாய்ப்பை வேண்டாம் என்று சொல்வார். மூன்று மாதம் கழித்துப் பட்டியலில் அவர் பெயர் வந்தால், வேலையோடு சேர்த்து அந்த மேனேஜர் மேல் இருந்த நம்பிக்கையும் போகும். மிச்சம் இருக்கிற பத்தொன்பது பேரும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள்.

அதற்குப் பதில் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: “கிளையன்ட் செப்டம்பர் 30க்கு மேல கான்ட்ராக்ட்டைப் புதுப்பிப்பாங்களான்னு இன்னும் சொல்லலை. அவங்களோட 10ஆம் தேதி ஒரு கால் இருக்கு. அன்னிக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்கு உங்க எல்லாரையும் கூப்பிட்டுப் பேசறேன். அன்னிக்கும் முடிவு தெரியலைன்னா, தெரியலைன்னு சொல்றதுக்காவது கூப்பிடுவேன்.”

இதில் நல்ல செய்தி எதுவும் இல்லை. ஆனாலும் கேட்டவர் அன்று கொஞ்சம் தூங்குவார். காரணம் அந்தக் கடைசி வரி. மேனேஜருக்குச் சேதி தெரியாமல் இருக்கலாம், அதில் அவர் தப்பு ஒன்றும் இல்லை. எப்போது தெரியும், எப்போது சொல்வேன் என்ற தேதி அவர் கையில்தான் இருக்கிறது. அதைச் சொல்ல ஹெச்ஆரிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

ரிசர்வ் வங்கி இதைத்தான் செய்கிறது. வட்டி ஏறுமா இறங்குமா என்று முன்கூட்டி யாருக்கும் சொல்லாது. ஆனால் நாணயக் கொள்கைக் குழு எந்தெந்தத் தேதிகளில் கூடும் என்பதை ஆண்டு தொடக்கத்திலேயே வெளியிட்டுவிடும். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை, சொன்ன நாளில், காலை 10 மணிக்கு ஆளுநர் பேசுவார். வட்டியை மாற்றவில்லை என்றாலும் மாற்றவில்லை என்று சொல்ல வந்து உட்காருவார். 2022 மே 4ஆம் தேதி அட்டவணையில் இல்லாத நாளில் திடீரென்று வட்டியை உயர்த்தியபோது பங்குச் சந்தை ஒரே நாளில் சடசடவென்று இறங்கியது. வட்டி ஏறியது ஒரு பக்கம், சொல்லாத நாளில் ஏறியது இன்னொரு பக்கம்.

அலுவலகத்திலும் அப்படித்தான். திங்கட்கிழமை காலை தலைப்பு இல்லாமல் ‘குயிக் கனெக்ட், 15 நிமிடம்’ என்று மேனேஜரும் ஹெச்ஆரும் சேர்ந்து ஒரு காலண்டர் இன்வைட் அனுப்பினால், அது அப்ரைசல் படிவம் பற்றியதாகவே இருந்தாலும், பெறுகிறவருக்குக் கை நடுங்கும். வாரா வாரம் ஒரே நாளில், ஒரே நேரத்தில் பேசுகிறவருக்கு இந்தத் தொல்லை இல்லை.

சொல்லக் கூடாத விதத்துக்கு உலகப் பிரசித்தி பெற்ற உதாரணம் அமெரிக்காவின் பெட்டர்.காம் என்ற வீட்டுக்கடன் நிறுவனம். 2021 டிசம்பர் 1 அன்று சுமார் 900 பேரை ஒரு ஜூம் காலில் கூட்டி, இந்தக் காலில் இருக்கிற எல்லோருக்கும் இன்றோடு வேலை இல்லை என்ற பொருளில் மூன்றே நிமிடத்தில் சொல்லி முடித்தார் தலைவர் விஷால் கார்க். காணொலி உலகம் முழுக்கச் சுற்றியது, அவர் மன்னிப்பும் கேட்டார். அடுத்த மார்ச்சில் அடுத்த சுற்று ஆட்குறைப்பு. அப்போது என்ன ஆனது தெரியுமா? சிலருக்கு யாரும் சொல்வதற்கு முன்பே சம்பளச் செயலியில் விடைபெறும் தொகை வந்து விழுந்துவிட்டது. மனிதர் வாயால் கேட்க வேண்டியதைச் செயலியைப் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள்.

இதற்கு நேர் எதிரில் இரண்டு பேர், இருவருமே 2020இல். கொரோனா பரவிய மார்ச்சில் மேரியட் ஹோட்டல் குழுமத்தின் தலைவர் ஆர்னி சோரென்சன் ஊழியர்களுக்கு ஒரு காணொலி வெளியிட்டார். அவர் புற்றுநோய்ச் சிகிச்சையில் இருந்தார், தலையில் முடியில்லை, இந்தக் கோலத்தில் திரைக்கு வர வேண்டாம் என்று அவருடைய குழுவினரே தயங்கினார்கள். வந்தார். வியாபாரம் எவ்வளவு விழுந்திருக்கிறது என்று எண்களோடு சொன்னார். அந்த ஆண்டின் மீதிக்குத் தனக்குச் சம்பளம் இல்லை, மூத்த அதிகாரிகளுக்குப் பாதிதான் என்று சொன்ன பிறகே மற்றவர்களுக்கு வரப்போகும் கஷ்டத்தைச் சொன்னார். வரிசை முக்கியம். தன் இலையில் குறைத்துவிட்டு அடுத்தவர் இலைக்குப் போனவர் பேச்சைக் கேட்க ஆள் இருக்கும். அடுத்த பிப்ரவரியில் அவர் இறந்துபோனார்.

இன்னொருவர் ஏர்பிஎன்பி தலைவர் பிரையன் செஸ்கி. மே 5 அன்று 7,500 பேரில் சுமார் 1,900 பேரை அனுப்புவதாகக் கடிதம் எழுதினார். பயணத் தொழில் எப்போது மீளும் என்று தனக்குத் தெரியாது என்பதைக் கடிதத்தின் தொடக்கத்திலேயே ஒப்புக்கொண்டார். எந்தத் தொழில்களை நிறுத்துகிறோம், ஆட்களை எப்படித் தேர்ந்தெடுத்தோம் என்று எழுதினார். அமெரிக்க ஊழியருக்கு 14 வாரச் சம்பளம், அதோடு வேலை பார்த்த ஒவ்வொரு ஆண்டுக்கும் ஒரு வாரம், 12 மாத மருத்துவக் காப்பீடு, கையில் இருக்கும் லேப்டாப் அவர்களுக்கே. எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது, இன்னும் சில மணி நேரத்தில் உங்களுக்கு என்ன அழைப்பு வரும், கடைசி நாள் எது என்று அடுத்தடுத்த படிகளை எழுதியிருந்தது. பத்திரிகைகள் பாராட்டின. ஆனால் கடிதம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் 1,900 பேருக்கு வேலை போனது போனதுதான். அதையும் மறக்க வேண்டாம்.

இதெல்லாம் கோட் போட்ட கம்பெனிக் கதை, நமக்கு எதற்கு என்பவர்கள் திருப்பூருக்கு வாருங்கள். 2025 ஏப்ரல் 2 அன்று இந்தியப் பொருட்களுக்கு 26 சதவீதம் கூடுதல் வரி என்று அமெரிக்கா அறிவித்தது. ஒரே வாரத்தில் தள்ளிவைத்தது. ஆகஸ்ட் 7 முதல் 25 சதவீதம், ஆகஸ்ட் 27 முதல் 50 சதவீதம் என்று ஏறியது. ஆண்டுக்கு ஏறக்குறைய 45 ஆயிரம் கோடி ரூபாய்க்கு ஏற்றுமதி செய்யும் ஊரில் சுமார் மூன்றில் ஒரு பங்கு போவது அமெரிக்காவுக்கு. அந்த ஐந்து மாதத்தில் முதலாளிக்கே எதுவும் நிச்சயமில்லை. பவர் டேபிளில் உட்கார்ந்திருக்கும் டெய்லருக்கு அவர் என்ன சொல்வது?

அங்கே பேசாமல் இருப்பதற்கு ஒரு நடைமுறைக் காரணம் உண்டு, அதைச் சப்பைக்கட்டு என்று ஒதுக்கிவிட முடியாது. ஆர்டர் குறைந்திருக்கிறது என்று சொன்னால், நல்ல டெய்லர் நாளைக்கே பக்கத்துக் கம்பெனிக்குப் போய்விடுவார். ஆர்டர் திரும்பி வரும்போது ஆள் இருக்காது. நியாயமான பயம். ஆனால் டெய்லருக்குத் தெரியாது என்று நினைப்பதுதான் தப்புக் கணக்கு. சாயப்பட்டறையிலிருந்து துணி வரவில்லை, கட்டிங் மேஜை காலி, ஒன்றரை ஷிப்ட் ஓடிய இடத்தில் ஒரு ஷிப்டோடு லைட் அணைகிறது, சனிக்கிழமைச் சம்பளக் கவர் மெலிந்துவிட்டது. அவருக்கு எல்லாம் தெரியும். தெரியாதது ஒன்றுதான்: முதலாளி என்ன நினைத்திருக்கிறார். “ஏனுங்ண்ணா, அடுத்த வாரம் பீஸ் இருக்குமுங்களா?” என்று சூபர்வைசரைக் கேட்டு, அவர் மென்று முழுங்கினால், அந்த நிமிடமே டெய்லர் பக்கத்துக் கம்பெனிக்கு ஃபோன் போடுவார். கிரீன்பெர்க்கின் இரண்டாவது ஆலை இதுதான்.

ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்திருப்பவர்களுக்குத் தேதி என்பது இன்னும் பெரிய விஷயம். ரயில் டிக்கெட்டை இப்போது 60 நாள் முன்னால்தான் போட முடியும், போட்டால்தான் கிடைக்கும். 2025 தீபாவளி அக்டோபர் 20. அப்படியென்றால் ஊருக்குப் போக முன்பதிவு திறந்தது ஆகஸ்ட் மூன்றாவது வாரம். 50 சதவீத வரி வந்தது அதற்கடுத்த வாரம். போவதா, போனால் திரும்பி வருவதா, வந்தால் வேலை இருக்குமா என்று ஒரு தொழிலாளி முடிவெடுக்க வேண்டிய நாளும் கம்பெனி மிக அதிகமாகக் குழம்பிய நாளும் ஒன்றாகவே வந்தன. அந்த நேரத்தில் சம்பளம் கொடுக்கும் சனிக்கிழமை மாலை, “கையில இருக்கிற ஆர்டர் இந்தத் தேதி வரை ஓடும், ஒரு ஷிப்ட்தான். போனஸ் இந்தத் தேதியில. ஊருக்குப் போறவங்க இந்தத் தேதி ஃபோன் பண்ணுங்க, திரும்ப எப்ப வரணும்னு சொல்றோம்” என்று தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் சொன்னால் போதும். தட்டியில் எழுதி ஒட்டினால் இன்னும் நல்லது. பயந்திருக்கிறவர் காதில் பாதிதான் ஏறும். மீதியை அவர் திரும்பப் படிக்க வேண்டும்.

சட்டம் இதற்கெல்லாம் பெரிதாக உதவாது. ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளியை ஆட்குறைப்பில் அனுப்பக் காரணத்தோடு ஒரு மாத நோட்டீஸ், ஆண்டுக்கு 15 நாள் சம்பளம் இழப்பீடு என்று 1947ஆம் ஆண்டு தொழில் தகராறு சட்டம் வைத்திருந்தது. 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த தொழில் உறவுகள் தொகுப்பிலும் இது இருக்கிறது. ஆனால் ஆலையில் ஆளைக் குறைக்க அரசின் அனுமதி தேவைப்படும் வரம்பு 100 தொழிலாளியிலிருந்து 300 ஆக உயர்ந்துவிட்டது. சட்டம் கேட்பது கடைசி நோட்டீஸை. அதற்கு முந்தைய ஆறு மாத நிச்சயமின்மையில் என்ன பேச வேண்டும் என்று எந்தப் பிரிவும் சொல்வதில்லை.

மேனேஜர்களுக்காகவும் ஒரு வார்த்தை. தெரிந்தும் சொல்ல முடியாத விஷயங்கள் அவர்களுக்கு உண்டு. பங்குச் சந்தையில் பட்டியலிட்ட நிறுவனம் என்றால், வெளியாகாத தகவலைக் கசியவிடுவது சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் 2015 விதிகளின்படி குற்றமாகவே முடியலாம். அப்போது தெரியாது என்று பொய் சொல்ல வேண்டியதில்லை. “இதைப் பத்தி இப்ப நான் பேச முடியாது, பேச முடிகிற நாள்ல முதல்ல உங்ககிட்டதான் சொல்வேன்” என்றால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். தெரியாது என்பதும், சொல்ல முடியாது என்பதும், சொல்ல மாட்டேன் என்பதும் வேறு வேறு என்று கேட்கிறவருக்கு நன்றாகவே புரியும்.

போகட்டும், இரண்டு வழக்கங்களை மட்டும் விட்டுவிடச் சொல்வேன். ஆட்குறைப்பை ‘ரைட்சைசிங்’ என்பது போன்ற பூசி மெழுகும் சொற்கள் ஒன்று. ‘நாமெல்லாம் ஒரே குடும்பம்’ என்ற பேச்சு இன்னொன்று. நல்ல காலத்தில் அப்படிச் சொல்லிவிட்டு, மந்தம் வந்ததும் குடும்பத்திலிருந்து ஐம்பதுக்கு ஒருவரை எடுத்து வெளியே வைத்தால் கேட்கிறவருக்குச் சிரிப்பும் வரும், ஆத்திரமும் வரும். சம்பளத்துக்கு வேலை செய்கிறோம், நியாயமாக நடத்துவோம் என்று சொல்வதே போதுமான மரியாதை.

இதைப் படிக்கிறவர்களில் மேனேஜரைவிட அவருக்குக் கீழே இருப்பவர்கள்தான் அதிகம் என்று தெரியும். அடுத்த முறை அவரிடம் “என் வேலை இருக்குமா?” என்று கேட்காதீர்கள், அதற்கு அவரிடம் பதில் இல்லை, அதனால்தான் ஒண்ணும் ஆகாது என்று சொல்லித் தப்பிக்கிறார். “இது எப்போது முடிவாகும், யார் முடிவெடுப்பார், என்னிடம் என்றைக்குச் சொல்வீர்கள்?” என்று கேளுங்கள். நேராகக் கேட்டால் பெரும்பாலானவர்கள் ஒரு தேதி சொல்வார்கள். சொன்ன தேதியில் வந்து, தெரியவில்லை என்று சொல்கிறவராக இருந்தால்கூட அவரை நம்பலாம். இரண்டு முறை கேட்டும் தேதி வரவில்லை என்றால் அன்று இரவே ரெஸ்யூமைத் தூசு தட்டுங்கள், ஃப்ளாட் அட்வான்ஸைத் தள்ளிப்போடுங்கள்.